மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு இணையதளம்: வீட்டுச் சாப்பாட்டுக்கு அக்கம்பக்கத்து வாடிக்கையாளரை வரவைப்பது எப்படி

எங்கள் வீட்டுச் சமையலுக்கு இணையதளம் போட்ட முதல் வாரத்தில் 11 பேர் அழைத்தார்கள். அவர்களில் 8 பேர் வடவள்ளி, குனியமுத்தூர், சூலூர்ப் பக்கம் இருப்பவர்கள். நாங்கள் சமைப்பதோ கோவைக்கு வடக்கே இருக்கும் சரவணம்பட்டியில். மத்தியான வெயிலில் சத்தி ரோட்டில் கிளம்பி, காந்திபுரத்து நெரிசலைத் தாண்டி, வடவள்ளிக்கு ஒரு சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினால் மற்றவர்கள் சாப்பாடு ஆறிப் போயிருக்கும். ஆசைப்பட்டு ஒரு நாள் அப்படிப் போயும் பார்த்தோம். அன்று பக்கத்துத் தெருவில் வழக்கமாக வாங்குபவர் கையில் சாப்பாடு சேர்ந்தபோது மணி 2.20. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வாங்கவில்லை.

தப்பு இணையதளத்தின் முதல் வரியிலேயே இருந்தது. "கோவையின் அசல் வீட்டுச் சுவை" என்று பெருமையாக எழுதி வைத்திருந்தோம். கோவை பெரிய ஊர். எங்களுக்கு வேண்டியது அதில் ஒரு மூலை. அந்த மூலையில் இருக்கிறவர்கள் தங்கள் ஏரியா பெயரைப் போட்டுத் தேடியபோது எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரே இல்லை.

எங்கள் வீட்டில் அத்தை சமைக்கிறார். ஆர்டர், வண்டி, இணையதளம் எல்லாம் என் பொறுப்பு. வீட்டிலிருந்து சாப்பாடு கொடுக்கப் புதிதாக இறங்கியிருக்கும் உங்களுக்காக, நாங்கள் முன்னும் பின்னுமாகச் செய்தவற்றை எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன். உதாரணங்கள் எங்கள் பக்கத்துப் பெயர்களோடு வரும். உங்கள் ஊர்ப் பெயரை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்: பதிவு எண்

இணையதளத்துக்கு முன்னால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்புக்கான மத்திய அரசு ஆணையம்) பதிவு. வீட்டில் சமைத்து விற்றாலும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். ஃபாஸ்காஸ் என்ற அரசுத் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். இடைத்தரகர் தேவையே இல்லை. நாங்கள் பதிந்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு தொழிலுக்குப் பதிவு மட்டும் போதும் என்ற விதி. அப்போது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் என்ன வரம்பு, என்ன கட்டணம் என்பதை அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணை பில்லில் போடுங்கள், இணையதளத்தின் அடியிலும் போடுங்கள். பிள்ளைக்கு மதியச் சாப்பாடு தேடும் ஒரு தாய் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் எங்களை அழைத்ததாகச் சொன்னார். கூகுளில் பதிவு செய்யும்போதும் இந்தச் சான்றிதழ் கைகொடுக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

வட்டத்தை வண்டியில் போய் அளந்து பாருங்கள்

வரைபடத்தில் 3 கிலோமீட்டர் வட்டம் போடுவது எளிது. ஆனால் சாப்பாட்டுக்குத் தூரம் கிலோமீட்டரில் இல்லை, நிமிடத்தில் இருக்கிறது. ஒரு வேலை நாளில், சரியாக 12.15க்கு, ஒரு டப்பாவில் சூடான ரசத்தை ஊற்றி எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்புங்கள். 20 நிமிடத்தில் எதுவரை போக முடிகிறது என்று நான்கு திசையிலும் வெவ்வேறு நாளில் போய்ப் பாருங்கள். சரவணம்பட்டியிலிருந்து கீரணத்தம் பக்கம் சுலபமாகப் போகலாம். அதே தூரத்தில் கணபதி பக்கம் போனால் சத்தி ரோட்டில் நேரம் போய்விடும். ஆகவே எங்கள் வட்டம் வட்டமாகவே இல்லை. வடக்கே நீண்டு தெற்கே குறுகிய ஒரு பூசணிக்காய் மாதிரி.

எல்லை தெரிந்ததும் அதற்குள் இருக்கும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். கார்ப்பரேஷன் வார்டுப் பெயர் யாருக்கும் வேண்டாம், மக்கள் வாயில் வழங்கும் பெயர்தான் வேண்டும். சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சி, சின்னவேடம்பட்டி, விசுவாசபுரம், சிவானந்தபுரம், புரோசோன் மால் பக்கம், குமரகுரு கல்லூரி பக்கம், 641035 என்கிற பின்கோடு. பஸ் கண்டக்டர் கூவும் நிறுத்தப் பெயரும், ஆட்டோக்காரரிடம் வழி சொல்லும்போது வாயில் வரும் பெயரும்தான் தேடுபெட்டியிலும் வந்து விழுகின்றன. அடுக்குமாடிகள், பெண்கள் விடுதிகள், ஐடி பூங்காக்களின் நுழைவாயில்கள் எல்லாவற்றையும் சேர்த்து 25 பெயராவது தேறும். இனி செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த நோட்டுப் பக்கம்தான் ஆதாரம்.

இணையதளத்தில் என்ன இருக்க வேண்டும்

சொந்தப் பெயரில் ஒரு இணைய முகவரி வாங்குங்கள். டாட் இன் போதும், ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். தளத்தை வேர்ட்பிரஸ், கூகுள் சைட்ஸ் போன்ற தளம் அமைக்கும் சேவைகளில் செய்யலாம். முன்பு கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு (கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் நம் தொழிலைக் காட்டும் கணக்கு) ஒரு இலவச இணையதளமும் கிடைத்தது. அதை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள், அதை மட்டும் நம்பியிருந்தவர்களின் பக்கங்கள் போயின. முகவரி நம் கையில் இருந்தால், அடியில் இருக்கும் சேவையை மாற்றினாலும் டப்பா மூடியில் ஒட்டிய முகவரி மாறாது.

கைபேசியில் பக்கம் திறந்ததும், விரலால் தள்ளாமலே நான்கு விஷயம் தெரிய வேண்டும். இன்றைக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு ரூபாய், எங்கெங்கே கொண்டுவந்து தருவோம், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும். அதற்கடியில் பெரிதாக ஒரு வாட்ஸ்அப் பொத்தான். "எங்கள் கதை", "எங்கள் பாரம்பரியம்" எல்லாம் கீழே போகட்டும். பசியோடு வருகிறவர் முதலில் கேட்பது "நம்ம தெருவுக்கு வருமா?" என்பதைத்தான். எங்கள் தளத்தின் முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: "சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சிக்கு மதியச் சாப்பாடு. காலை 9.30க்குள் சொன்னால் 1 மணிக்குள் உங்கள் வாசலில்." பெருமை பேசிய பழைய வரியை எடுத்துவிட்டு இதைப் போட்ட பிறகுதான் அழைப்புகள் பக்கத்திலிருந்து வர ஆரம்பித்தன.

மெனுவை எழுத்தாகப் போடுங்கள், படமாகப் போடாதீர்கள். நான் ஒரு வருடம் அழகழகாகச் சுவரொட்டி மாதிரி வடிவமைத்து, அதைப் படமாக ஏற்றிக்கொண்டிருந்தேன். தேடுபொறி எழுத்தைப் படிக்கிற அளவுக்குப் படத்துக்குள் இருப்பதைப் படித்துக்கொள்வதில்லை. "அரிசிம் பருப்பு சாதம்" என்று தேடியவருக்கு, அதை வாரம் ஒருமுறை சமைக்கிற நாங்கள் தெரியவே இல்லை. இப்போது கொள்ளுப்பருப்பு, செலவு ரசம், பச்சைப்பயறு கடைசல், சந்தகை என்று ஒவ்வொன்றையும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுகிறேன். கொங்குப் பக்கம் பிறந்து வேலைக்காகத் தனியாகத் தங்கியிருக்கும் பிள்ளைகள் இந்தப் பெயர்களைத்தான் தேடுகிறார்கள். சாம்பார் சாதம் எங்கும் கிடைக்கும். செலவு ரசம் அப்படிக் கிடைக்காது, அதற்காகவே வருகிற ஆள் நம்மைவிட்டு லேசில் போகமாட்டார்.

ஆட்கள் என்ன சொல்லித் தேடுகிறார்கள் என்பதை ஊகிக்க வேண்டாம். தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, அழைப்பவரின் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். "மெஸ்ஸுங்களா?" என்று கேட்டவர்கள் எங்களுக்கு நிறையப் பேர். நாங்கள் மெஸ் இல்லை என்று நினைத்து அந்தச் சொல்லையே தளத்தில் சேர்க்காமல் இருந்தோம். பிறகு "மெஸ் சாப்பாடு மாதிரி மாதக் கணக்கில் வேண்டுமா?" என்று ஒரு பகுதியைச் சேர்த்தோம். ஹோம் ஃபுட், டிபன் சர்வீஸ், லஞ்ச் பாக்ஸ், வீட்டுச் சாப்பாடு என்று ஒரே பொருளை ஆளுக்கொரு பெயரில் கேட்கிறார்கள். எல்லாம் பக்கத்தில் எங்காவது இயல்பான வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும். வாக்கியமே இல்லாமல் சொற்களை மட்டும் வரிசையாக அடுக்காதீர்கள். படிக்கிறவருக்கும் பிடிக்காது, கூகுளுக்கும் பிடிக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "ஒவ்வொரு ஏரியாவுக்கும் தனிப் பக்கம் போட்டால் கூகுளில் முன்னால் வரும்" என்று சொல்லி 20 பக்கத்துக்குப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை 20 தடவை போடுவதைக் கூகுள் குப்பையாகவே கணக்கிடும். தனியாகச் சொல்ல விஷயம் இருக்கிற இடத்துக்கு மட்டும் தனிப் பக்கம் போடுங்கள். எங்களிடம் அப்படி இரண்டே பக்கம். ஒன்று கீரணத்தம் ஐடி பூங்காவுக்கு: எந்த வாயிலில் நிற்போம், எத்தனை மணிக்கு, டப்பாவில் பெயரும் மாடியும் எப்படி எழுதியிருக்கும், காலி டப்பாவை எப்படித் திருப்பித் தருவது என்று. இன்னொன்று கல்லூரிப் பக்கத்து விடுதிகளுக்கு.

அப்புறம், தேதி. மெனுவின் மேலே இன்றைய தேதி இருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியைப் பார்த்தவர் கடையை மூடிவிட்டார்கள் என்றே நினைப்பார். தினமும் மாற்ற முடியாது என்றால் வார மெனுவாகப் போடுங்கள். திங்கள் தக்காளிக் குழம்பு, செவ்வாய் கொள்ளுப்பருப்பு என்று கிழமைக் கணக்கில் இருந்தால் பழசாகாது.

கூகுள் வரைபடத்தில் நம் வீடு

உள்ளூர் ஆட்களைப் பொறுத்தவரை, இணையதளத்தின் வாசல் கூகுள் பிசினஸ் புரொஃபைல்தான். "நியர் மீ" என்று தேடினால் முதலில் வருவது வரைபடமும் அதன் கீழே சில பெயர்களும். அந்தப் பட்டியலில் யார் வருவது என்பதற்குக் கூகுள் மூன்றைப் பார்ப்பதாகச் சொல்கிறது: தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், தேடுபவரிடமிருந்து எவ்வளவு தொலைவு, எவ்வளவு அறியப்பட்ட இடம். தொலைவு என்ற கணக்கில் வீட்டிலிருந்து சமைப்பவர்களுக்கு லாபமே. பெரிய உணவகம் காந்திபுரத்தில் இருக்கலாம், நாம் தேடுபவரின் அடுத்த தெருவில் இருக்கிறோம்.

கணக்கு இலவசம். தொடங்கும்போது "வாடிக்கையாளர் உங்கள் இடத்துக்கு வரலாமா?" என்று கேட்கும். வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வசதி இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். அப்போது வீட்டு முகவரி பொதுவில் தெரியாது, நாம் சேவை தரும் பகுதிகள் மட்டும் தெரியும். பெண்கள் தனியாக நடத்தும் வீடுகளில் இது முக்கியம். முன்பின் தெரியாத ஆள் இரவு 9 மணிக்கு வாசலில் வந்து நிற்கமாட்டார். பகுதிகள் 20 வரை சேர்க்கலாம். நோட்டில் எழுதியவற்றில் நிஜமாகக் கொண்டுபோய்க் கொடுக்க முடிகிறவற்றை மட்டும் சேருங்கள். ஒட்டுமொத்தமாகக் கோயம்புத்தூர் என்று போட்டால் வடவள்ளி அழைப்புகள்தான் திரும்ப வரும்.

பெயரில் வித்தை வேண்டாம். மூடியில் என்ன பெயர் அச்சடித்திருக்கிறீர்களோ அதே பெயர். "பெஸ்ட் ஹோம் ஃபுட் சரவணம்பட்டி கோயம்புத்தூர்" என்று பெயரோடு சேர்த்து எழுதுவது கூகுளின் விதிக்கு மாறானது, யாராவது புகார் செய்தால் கணக்கையே முடக்கிவிடக்கூடும். இந்தச் சொற்களுக்கு வேறு இடம் இருக்கிறது: வகையைத் தேர்ந்தெடுக்கும் இடமும் விவரணைப் பகுதியும். விவரணைக்கு 750 எழுத்துக்குறி வரை இடம் உண்டு. சமைப்பவர் யார், என்ன வகைச் சாப்பாடு, எந்தப் பகுதி, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதினால் அதிலேயே நிறைந்துவிடும்.

பிறகு சரிபார்ப்பு. இப்போது பெரும்பாலும் காணொளி கேட்கிறார்கள். வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். தெருப் பலகையில் தொடங்கி, வீட்டு வாசல், சமையலறை, பெரிய பாத்திரங்கள், பெயர் ஒட்டிய டப்பாக்கள், கடைசியில் எஃப்எஸ்எஸ்ஏஐ சான்றிதழ். எங்கள் முதல் காணொளியை ஏற்கவில்லை, அதில் சமையலறை மட்டும்தான் இருந்தது. அது எந்தத் தெருவில் இருக்கிறது, யாருடைய தொழில் என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. இரண்டாம் தடவை மேலே சொன்ன வரிசையில் எடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

படங்களுக்கு ஸ்டுடியோ விளக்கு தேவையில்லை. காலை 11 மணிக்கு ஜன்னல் வெளிச்சத்தில், பார்சல் கட்டும் முன் இருக்கிற சாப்பாட்டை அப்படியே எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் வாழையிலைப் படத்தைப் போட்டு, கையில் டப்பா கொடுத்தால் முதல் நாளே ஏமாற்றமாகிவிடும்.

புரொஃபைலில் இருக்கும் தொழில் பெயர், தொலைபேசி எண், நேரம் மூன்றும் இணையதளத்திலும் ஜஸ்ட்டயலிலும் இன்ஸ்டாகிராமிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஜஸ்ட்டயலில் பழைய எண் கிடந்ததால் எங்களுக்குச் சில மாத அழைப்புகள் வேறு ஒருவர் வீட்டில் அடித்திருக்கின்றன.

நாலு நல்ல வார்த்தை, ஒரு கெட்ட வார்த்தை

ரிவ்யூ கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆனால் கேட்கும் நேரம் முக்கியம். முதல் சாப்பாட்டன்று கேட்டால் "சூப்பர்" என்று ஒரு சொல் வரும். பத்தாவது சாப்பாட்டன்று, அதுவும் அவர்களே "இன்னிக்குக் கடைசல் எங்க அம்மா வெச்ச மாதிரியே இருந்துச்சுங்க" என்று அனுப்புகிற நொடியில், "இதையே கூகுளில் எழுதுறீங்களா?" என்று இணைப்பை அனுப்புங்கள். அப்போது ஏரியா பெயரும் உணவின் பெயரும் தானாகவே அதில் வந்து விழும். அடுத்து தேடுகிறவருக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. ரிவ்யூவுக்குப் பதிலாக இலவசச் சாப்பாடோ தள்ளுபடியோ தருவதாகச் சொல்லாதீர்கள். கூகுள் விதி அதைத் தடுக்கிறது. சொந்தக்காரர்கள் 15 பேரை ஒரே நாளில் எழுத வைப்பதும் வேண்டாம்.

எங்களுக்கு வந்த ஒற்றை நட்சத்திரம் ஒன்றைச் சொல்கிறேன். "பீன்ஸ் பொரியல் கெட்டுப்போயிருந்தது" என்று எழுதியிருந்தார். முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது, காலையில் செய்தது எப்படிக் கெடும் என்று. அத்தைதான் உட்கார்ந்து யோசித்தார். தேங்காய் போட்ட பொரியலைச் சூடு ஆறுமுன் மூடியிருக்கிறோம். அவர் கூட்டம் முடிந்து 3 மணிக்குத்தான் திறந்திருக்கிறார். உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிடக்கும்போதுதான் கிருமி பெருகுகிறது. மூடிய டப்பாவுக்குள் வேர்த்த பொரியல் மணிக்கணக்கில் அந்தச் சூட்டில்தான் இருந்திருக்கிறது. அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ரிவ்யூவுக்குக் கீழே, நடந்தது என்ன, இனி என்ன மாற்றுகிறோம் என்று நான்கு வரியில் பதில் எழுதினோம். அதன்பின் வெயில் காலத்தில் பொரியலுக்குத் தேங்காய் போடுவதை நிறுத்தினோம், மூடியில் "1.30க்குள் சாப்பிடவும்" என்று ஒட்டினோம். அந்தப் பதிலைப் படித்துவிட்டு அழைத்ததாகப் பிறகு இரண்டு பேர் சொன்னார்கள்.

வாட்ஸ்அப்

"வாட்ஸ்அப்பிலேயே எல்லாம் நடக்கிறதே, இணையதளம் எதற்கு?" என்று கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் நம்மைத் தெரிந்தவர்தான் இருக்கிறார். நேற்றுப் புதிதாகக் குடிவந்தவர் தேடித்தான் வருவார். அவருக்குத் தளம், தெரிந்தவருக்கு வாட்ஸ்அப். இரண்டையும் ஒட்டவைக்க வேண்டும்.

வாட்ஸ்அப் பிசினஸைத் தனி எண்ணில் வையுங்கள். தளத்தின் பொத்தானை அழுத்தினால் "வணக்கம், நாளைக்கு மதியச் சாப்பாடு வேண்டும். என் ஏரியா:" என்று செய்தி தயாராக வந்து நிற்கும்படி இணைப்பை அமைக்கலாம். ஏரியா பெயரை அவரே நிரப்பிவிடுவதால், வருமா வராதா என்பதை முதல் செய்தியிலேயே சொல்லிவிடலாம். ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட்) தினமும் மெனு அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போகும். ஆகவே முதல் ஆர்டரிலேயே, "எண்ணைச் சேமித்துக்கொண்டால் காலையில் மெனு வரும்" என்று சொல்லிவிடுங்கள். அடுக்குமாடிக் குழுக்களில் நாமாக நுழைந்து விளம்பரம் போடுவது வேண்டாம். அங்கே குடியிருக்கும் ஒரு வாடிக்கையாளர் தானாகத் தளத்தின் இணைப்பைப் பகிர்ந்தால், அதை எல்லோரும் திறந்து பார்ப்பார்கள்.

பணத்தைப் பற்றி ஒரே வரி: யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், நம் வங்கிக் கணக்கில் வந்ததா என்று பாருங்கள்.

தெருவிலிருந்து தளத்துக்கு

எங்கள் தளத்துக்கு அதிகம் ஆட்களைக் கொண்டுவந்தது டப்பா மூடிதான். மூடியில் ஒரு சின்ன க்யூஆர் ஒட்டினோம். அது பணம் கட்டும் க்யூஆர் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக மேலே "நாளைக்கு என்ன சாப்பாடு?" என்று அச்சடித்தோம். அலுவலகத்தில் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்போது, பக்கத்தில் இருப்பவர் அந்த மூடியைத் திருப்பிப் பார்க்கிறார், கைபேசியை எடுக்கிறார். இதற்காகவே ஒரு டப்பாவில் கொஞ்சம் கூடுதலாகப் பொரியல் வைப்பார் அத்தை. பகிர்ந்து சாப்பிடுவது நம் வழக்கம், பகிர்வதற்கு அதில் இருக்க வேண்டுமில்லையா.

அறிவிப்புப் பலகைக்கு இரண்டு வரி போதும். மளிகைக் கடையிலும், அயர்ன் கடையிலும், விடுதி வாசலிலும் நாங்கள் ஒட்டியது இது: "விளாங்குறிச்சி ரோட்டுக்கு மதியச் சாப்பாடு. காலை 9.30க்குள் சொல்லுங்கள். இன்றைய மெனு:" கீழே க்யூஆர். ஒவ்வொரு இடத்துக்கும் அந்தந்த ரோட்டின் பெயரை மாற்றி அச்சடித்தோம். தன் தெருப் பெயரைப் பார்த்ததும் ஆள் நின்று படிக்கிறார். ஒட்டும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள், ஒரு நாள் அவருக்கும் ஒரு சாப்பாடு கொடுங்கள். சாப்பிட்டவர் சொல்கிற சொல்லுக்கு மதிப்பு அதிகம். பெண்கள் விடுதிகளில் வார்டனிடமும், அடுக்குமாடிகளில் வாயில் காவலரிடமும் நேரில் போய்ப் பேசிவிடுவது நல்லது. புதிதாகக் குடிவருகிறவர் "இங்க சாப்பாடு எங்கண்ணா கிடைக்கும்?" என்று முதலில் கேட்பது காவலரிடம்தான்.

நாள்காட்டியைப் பாருங்கள்

புரட்டாசியில் அசைவம் நின்றுவிடும். கார்த்திகையில் மாலை போட்டவர்களுக்குத் தனிச் சமையல் வேண்டும். தனியாகத் தங்கி வேலை பார்க்கும் ஒருவர் மாலை போட்டால் விரதம் முடியும்வரை அவருக்குச் சுத்தமான சாப்பாடு கிடைப்பதே சிரமம். இதற்கு ஒரு தனிப் பக்கம் போட்டோம். தனிப் பாத்திரத்தில் சமைக்கிறோமா, அந்த நாள்களில் வீட்டில் அசைவம் உண்டா, காலை எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்விகளுக்கெல்லாம் அதில் பதில் எழுதினோம். இப்படிப்பட்ட பக்கத்தை ஒரு மாதம் முன்னதாக, ஐப்பசி தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். தேடுபொறி கண்டுபிடித்துச் சேர்க்க நாளாகும். முடிந்ததும் அழித்துவிடாதீர்கள். அடுத்த வருடம் அதே முகவரியில் விலையையும் தேதியையும் மட்டும் மாற்றினால், போன வருடம் அந்தப் பக்கம் சேர்த்த பெயர் அப்படியே நிற்கும்.

காசு கொடுத்து விளம்பரம்

மேலே சொன்னதெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு மட்டும். செய்தால் சுற்றளவைச் சில கிலோமீட்டருக்குள் வையுங்கள். கூகுள் விளம்பரத்தில் "அந்த இடத்தில் இருப்பவர்கள்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கவனிக்காமல் விட்டால் அந்த இடத்தில் ஆர்வம் காட்டியவர்களுக்கும் சேர்த்துக் காட்டும். சரவணம்பட்டியில் வீடு தேடுகிற சென்னைக்காரர் அழுத்துவதற்கும் நீங்கள் பணம் கட்டுவீர்கள். அன்றைய ஆர்டர் நிறைந்துவிட்டால் விளம்பரத்தை நிறுத்திவைக்க மறக்காதீர்கள்.

எண்ணிப் பாருங்கள்

கூகுள் புரொஃபைலில் எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் தளத்துக்குப் போனார்கள் என்று தெரியும். சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் எந்தச் சொல்லைப் போட்டு வந்தார்கள் என்று தெரியும். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் பார்க்க வேண்டியது தொலைபேசிப் பக்கத்து நோட்டு. அதில் "எப்படித் தெரிந்தது?" என்று ஒரு பத்தி, "மறுபடி வாங்கினாரா?" என்று ஒரு பத்தி போடுங்கள். இரண்டாவது பத்தி காலியாகவே இருந்தால், இணையதளத்தை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

எங்கள் அடுப்புக்கு 40 சாப்பாடு அளவு. 40 நிறைந்ததும் தளத்தின் மேலே "இன்றைக்கு முடிந்தது. நாளைக்கு: கொள்ளுப்பருப்பு" என்று மாற்றிவிடுகிறேன். ஆரம்பத்தில் வந்த ஆர்டரை விடக் கூடாது என்று 52 வரை போன நாள் உண்டு. அன்று சாதம் குழைந்தது, மூன்று பேருக்கு மோர் போகவில்லை. முடிந்தது என்று போட்ட நாள்களில் பார்த்தவர்கள், மறுநாள் காலை 8 மணிக்கே செய்தி அனுப்பிவிடுகிறார்கள்.

வட்டத்துக்கு வெளியிலிருந்து இன்றும் அழைப்பு வரத்தான் செய்கிறது. இல்லை என்று வைத்துவிட மனம் வருவதில்லை, பசிக்குத்தானே கேட்கிறார்கள். வடவள்ளியில் எங்களைப் போலவே வீட்டிலிருந்து சமைத்துக் கொடுக்கும் ஒரு அக்காவைத் தேடிப் பிடித்து, அவர் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்து, சம்மதமும் கேட்டுக்கொண்டோம். அந்தப் பக்கத்து அழைப்புகளுக்கு அவர் தளத்தின் இணைப்பை அனுப்பிவிடுகிறேன். சரவணம்பட்டியிலிருந்து அவருக்கு வருகிற அழைப்புகள் எங்களுக்கு வருகின்றன. போன மாதம் மட்டும் அப்படி 6 பேர். அதில் 4 பேர் மாதக் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள்.